செய்யாத வேலைக்கு ஒரு மாலை

1

என் மனைவி தவமலர் பென்சன் எடுத்து நேற்றோடு ஒரு வருடம். காலையில் அதை ஞாபகப்படுத்திக் கை கொடுக்கப் போனேன். "மீன் வெட்டின கை. கழுவிப்போட்டுத் தாங்கோ" என்றாள். சுவிஸில் முப்பது வருடம் வாழ்ந்த பெண்ணுக்கு உணர்ச்சி எல்லாம் சுத்தத்துக்குப் பிறகுதான்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களில் சிலர் ஒட்டுசுட்டானில் நடந்த விழாவுக்கு வந்திருப்பீர்கள். வராதவர்கள் வந்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையில் நான் ஒரு பெரிய பொய்யனாக வந்திருப்பேன். அது உண்மைதான். ஆனாலும் எப்படிப் பொய்யன் ஆனேன் என்பதை நானே எழுதிவிட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

மலர் இங்கே ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் இருபத்தேழு வருடம் வேலை செய்தாள். அவளுடைய கடைசி வேலை நாளுக்கு நான் கோட் சூட் போட்டுக்கொண்டு போனேன். நம் ஊரில் ஓர் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார் என்றால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பந்தல், மாலை, படம் பிடிக்கிறவர், கண்ணாடி போட்ட வாழ்த்துமடல், அவர் பிறந்த நேரத்தில் இருந்து தொடங்குகிற மூன்று பேச்சுகள். இருபத்தேழு வருடத்துக்கு அதில் பாதியாவது இருக்கும் என்று நம்பிப் போனேன்.

மலர் இரண்டு தட்டு நிறைய ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்தாள்.

"இதென்ன, நீரே சமைச்சுக்கொண்டு போறீர்?" என்று கேட்டேன்.

"இஞ்ச வேலையை விட்டுப் போறவைதான் சாப்பாடு குடுக்கவேணும். அதுதான் முறை."

நான் நம்பவில்லை. அங்கே போய்ப் பார்த்தால் அதுதான் முறை. உணவுக்கூடத்தில் இருபது நிமிடம். ஒரு பூச்சட்டி. சுடுதண்ணீர்க் குளியலுக்கு ஓர் அன்பளிப்புச் சீட்டு. மேலதிகாரி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மலர் அலுமாரிச் சாவியையும் இரண்டு மேலங்கிகளையும் திருப்பிக் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வைத்தாள். யாரும் பேசவில்லை என்பதால் நான் எழும்பி ஜெர்மனில் நன்றி சொன்னேன். அதில் என்ன பிழை விட்டேனோ தெரியவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் மகள் அபிராமி அதை மொழிபெயர்த்துச் சொல்ல இன்றுவரை மறுக்கிறாள்.

திரும்பி வரும்போது டிராமில் இருந்தபடியே மலரின் தம்பி யோகனுக்கு ஒட்டுசுட்டானுக்குப் போன் போட்டேன். "ஒரு மாலைகூட இல்லையடா யோகன்! இருபத்தேழு வருசம்!" என்று கொதித்தேன். பக்கத்தில் பூச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த மலர், "மெல்லக் கதையுங்கோ, சனம் பாக்குது" என்றாள். அந்தப் போன் எங்கே போய் முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2

இனிப் பொய்க்கு வருகிறேன்.

நான் பரந்தன்காரன். மலரின் தகப்பன் வீட்டார் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, ஒட்டுசுட்டான் பக்கம் குளத்துக் காணி கிடைத்து நெல் விதைத்தவர்கள். இரண்டு வீட்டிலும் காணி சிறிது, கௌரவம் பெரிது.

சுவிஸுக்கு வந்த புதிதில் நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அதை ஊருக்கு எழுத எனக்கு ஒரு வெட்கமும் இருக்கவில்லை. இங்கே வந்த ஆண்கள் எல்லோரும் கோப்பைதான் கழுவினோம், அது ஒரு பகிடியாகவே போயிற்று. பிறகு மலருக்கு வைத்தியசாலையில் சலவை வேலை கிடைத்தது. மாமியாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "தவமலருக்கு" என்று எழுதினேன். அடுத்த சொல் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் அந்த வேலைக்கென்று ஒரு சாதியையே வைத்திருந்தோம். அழுக்கு மூட்டையை எடுக்க வருகிறவரைப் படலைக்கு வெளியே நிறுத்தினோம். அவர் நரைத்த தலையோடு வந்தாலும் என் வயதுப் பையன்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். காணி கிடைத்து வன்னிக்கு வந்தபோது மண்வெட்டியோடு அந்த வழக்கத்தையும் மறக்காமல் கொண்டு வந்தோம். அப்படிப்பட்ட வீட்டுக்கு, உங்கள் மகள் பிறத்தியாரின் துணி தோய்க்கிறாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. "தவமலருக்குப் பெரிய ஆசுப்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்துள்ளது" என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

அடுத்த முறை போனில் யோகன் கேட்டான். "அத்தான், அக்கா நேர்ஸோ?"

"அப்பிடித்தான்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் நான் சொன்னது. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. இரண்டு வருடத்தில் அவளைத் தலைமைத் தாதி ஆக்கினார்கள். நாங்கள் முதல் முறை ஊருக்குப் போனபோது சனம் மருந்துச் சீட்டுகளோடு வந்து வரிசையாக நின்றது. மலர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். "டொக்டரிட்டக் காட்டுங்கோ. நிறையத் தண்ணி குடியுங்கோ." அவா ஒரு குளிசையின் பெயர்கூடச் சொல்லமாட்டா, அவ்வளவு கண்டிப்பான நேர்ஸ் என்று அதிலும் அவளுக்குப் பெயர் வந்தது.

முதலில் மலர் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "இதைச் சொல்லி முடியுங்கோ" என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் கேட்பாள். நான் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் ஒரு காரணம் வைத்திருப்பேன். மாமிக்குச் சுகமில்லை, யோகனுக்குக் கலியாணம், இப்போது வேண்டாம். பிறகு கடைசி யுத்தம் வந்தது. யோகன் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாமில் இருந்தான். தண்ணீர் வரிசையில் நிற்கும்போது "என்ரை அக்கா சுவிஸிலை நேர்ஸ்" என்று அவன் எல்லோருக்கும் சொன்னானாம். சொல்லிக்கொள்ள அவனிடம் அப்போது வேறொன்றும் இருக்கவில்லை. அதைக் கேட்ட பிறகு மலரும் கொஞ்சக் காலம் வாயை மூடிக்கொண்டாள்.

3

பென்சன் எடுத்த பெண்ணை வீட்டில் வைத்திருப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

முதுகு நோவால் நான் நாலு வருடம் முன்பே வேலையை விட்டவன். அந்த நாலு வருடமும் பகலில் வீடு என்னுடைய ராச்சியம். குசினியில் நான் ஒளித்து வைத்த முறுக்கு எந்தப் போத்தலில் என்பது எனக்கு மட்டும் தெரியும். மலர் வீட்டில் நின்ற முதல் திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு எழும்பினாள், பழக்கம். ஆறு மணிக்குள் வீட்டில் மடிக்கக்கூடியது எல்லாவற்றையும் மடித்துவிட்டாள். என் பனியன்கள் புத்தகம் மாதிரி அடுக்கி இருந்தன. கோப்பை துடைக்கிற துணியும் நாலாக மடிந்து கிடந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அசைந்தால் என்னையும் மடித்துவிடுவாள் என்ற பயத்தில்.

இங்கே அடுக்குமாடி வீடுகளில் துணி தோய்க்கும் அறை எல்லோருக்கும் ஒன்றுதான். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று முறை உண்டு. முறை தவறினால் கதவில் கடிதம் ஒட்டுவார்கள். மேல்மாடிக் கிழவி இருபது வருடமாக எங்களுக்கு அப்படிக் கடிதம் எழுதி வந்தவர். மலர் ஒருநாள் அவருடைய மேசைவிரிப்பில் இருந்த வைன் கறையைப் போக்கிக் கொடுத்துவிட்டு, எங்கே வேலை செய்தவள் என்று சொன்னாள். "வைத்தியசாலைச் சலவையா!" என்று கிழவி கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து கடிதம் இல்லை, கேக் வருகிறது. அந்த வேலையைச் சொன்னதும் மலருக்கு மதிப்புக் கூடியதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

பிறகு பென்சன் படிவம். ஓய்வூதிய அலுவலகம் பிறப்புச் சான்றிதழ் கேட்டது. அது இடப்பெயர்வில் போய்விட்டது என்று எழுதினோம். அப்படியானால் சான்றிதழ் இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் தரும்படி கேட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் ஓடியது. கடைசியில் மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். "தொழில்" என்ற கட்டத்தில், வைத்தியசாலைச் சலவைப் பணியாளர் என்று ஜெர்மனில் எழுதினேன். பெரிய எழுத்தில், ஒரு பிழை இல்லாமல், அகராதியில் வேறு சரிபார்த்து.

என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த மலர் சொன்னாள். "இந்தப் பாஷையிலை எவ்வளவு வடிவா எழுதுறியள்."

எனக்கு முகம் சுட்டது.

"இந்த முறை ஊருக்குப் போகேக்க சொல்லுறன் மலர். சத்தியமா."

"உங்கட சத்தியத்துக்கும் பென்சன் வயசு வந்திட்டுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்த அபிராமியிடம் மலர் இதைச் சொன்னாள். அபிராமிக்குத் தமிழ் இப்போது அரைவாசிதான் மிச்சம். "அப்பா, அம்மா வோஷ் பண்ணினது உண்மைதானே. அதில என்ன ஷேம்?" என்று கேட்டாள். படலை, மூட்டை, சாதி என்று விளக்கத் தொடங்கினேன். பாதி வழியில், நான் விளக்குகிறது எனக்கே கேட்கக் கூசியது. "பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டேன். பிள்ளை எங்களை விட்டுத் தூரப் போகிறாள் என்று அடிக்கடி கவலைப்படுகிறவன் நான். இந்த ஒரு விசயத்தில் அவள் நல்ல தூரம் போயிருந்தது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

4

அறுவடை முடிந்த மாதத்தில் ஊருக்குப் போனோம். வவுனியாவில் பஸ் மாறி, மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டானில் இறங்கியபோது யோகன் உழவு இயந்திரத்தோடு வந்து நின்றான். அவனுக்கு ஐம்பத்தாறு வயது, ஏழு ஏக்கர் வயல், மூன்று ஆள் பேச்சு.

"அத்தான், ஒரு சின்ன அலுவல் செய்து வைச்சிருக்கிறன். அக்காவுக்குச் சொல்லாதேங்கோ" என்று என் காதில் சொன்னான்.

அந்தச் சின்ன அலுவல் நாளை மறுநாள் பின்னேரம் சனசமூக நிலைய மண்டபத்தில் சேவைநலன் பாராட்டு விழா. சுவிஸ்காரர் போடாத மாலையை ஊர் போட வேண்டும் என்று அவன் எல்லாம் ஒழுங்கு செய்திருந்தான். ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் தலைமை. மாலை புதுக்குடியிருப்பில் சொல்லியாகிவிட்டது. என்னுடைய பேச்சும் அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "நல்லதடா" என்றேன்.

இரகசியம் விழா நாள் காலைவரை தாங்கியது. மலர் குளிக்கப் போகத் துவாய் தேடியவள், அலுமாரிக்குப் பின்னால் காகிதம் சுற்றிய ஒரு சட்டத்தைக் கண்டாள். அதைப் பிரித்து, கூட இருந்த அழைப்பிதழோடு குசினிக்குக் கொண்டு வந்தாள். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ, இதிலை இருக்கிற படம் நான். எழுதியிருக்கிறது ஆரைப் பற்றி?"

கண்ணாடிக்குள் வாழ்த்துமடல். நாலு பக்கமும் தங்கக் கரை. நடுவில் மலரின் படம். அதன்கீழ், வெண்ணிற உடையணிந்து நோயாளர் துயர் துடைத்த தாதியர் திலகமே என்று தொடங்கிப் பன்னிரண்டு வரி.

"யோகன் ஆசையிலை செய்திட்டான்" என்றேன்.

"யோகனிலை பிழை இல்லை. அவனுக்கு ஆர் சொன்னது?"

நான் கோப்பையைப் பார்த்தேன்.

"நான் செய்யாத வேலைக்கு மாலை போட்டா, நான் செய்த வேலையை ஆர் செய்தது?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. மலர் கோபத்தில் கத்துகிறவள் அல்ல, கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இப்ப போய்ச் சொன்னா யோகனுக்கு எவ்வளவு வெக்கமா இருக்கும், கொஞ்சம் யோசியும்."

"யோகனுக்கு ஒருநாள் வெக்கம். எனக்கு இருபத்தேழு வருசம்."

சட்டத்தை மறுபடி காகிதத்தில் சுற்றினாள். அந்த நேரத்திலும் மூலைகளைச் சரியாக மடித்தாள்.

"பின்னேரம் உங்கட பேச்சு இருக்காம். அதிலை சொல்லுங்கோ. நான் சொன்னா உங்களைக் காட்டிக்குடுத்த மாதிரி இருக்கும். நீங்கள் சொல்லாட்டி, மாலையைக் கழட்டிக் கதிரையிலை வைச்சிட்டு இறங்கி வந்திடுவன். ஏனெண்டு பிறகு நீங்கள்தான் சனத்துக்கு விளங்கப்படுத்தோணும்."

முதலில் யோகனிடம் தனியாகச் சொல்லிவிடுவோம் என்று மண்டபத்துக்குப் போனேன். அவன் ஏணியில் நின்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தான். "யோகன், உன்னோடை ஒண்டு கதைக்கவேணும்" என்றேன். "அத்தான், முதல் அந்த வயரைப் பிடியுங்கோ" என்றான். பிடித்தேன். அரை மணித்தியாலம் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

5

விழா மூன்று மணிக்கு என்று போட்டிருந்தது, நாலு மணிக்குத் தொடங்கியது. ஐந்தே முக்காலுக்குள் முடித்தாக வேண்டும். நெல் மூட்டை வீட்டுக்குள் இருக்கிற காலம், இருட்டினால் யானை வரும். நம் ஊரில் எந்தப் பேச்சாளரையும் நிறுத்துகிற அதிகாரம் தலைவருக்கு இல்லை, யானைக்கு உண்டு.

விளக்கேற்றினார்கள். மலருக்கு மாலை போட்டார்கள். பெரிய மாலை, அவளுடைய முகத்தில் பாதி அதற்குள் போய்விட்டது. மிச்சப் பாதி என்னைப் பார்த்தபடி இருந்தது. அதிபர், உலகின் தலைசிறந்த தாதியரின் வரலாற்றைச் சொல்லி வந்து மலரில் முடித்தார். வாழ்த்துமடலைப் பாடியே வாசித்தார்கள். யோகன் முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் பதினெட்டு நிமிடம் பேசினேன் என்று பிறகு மலர் சொன்னாள். அதில் பதினேழு நிமிடம் சுவிஸ் மலைகளைப் பற்றி. பனியைச் சொன்னேன், ரயில் நேரத்துக்கு வருவதைச் சொன்னேன், பசுமாட்டின் கழுத்து மணியைச் சொன்னேன். அதிபர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "சுருக்கவும்" என்று இருந்தது. வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. திரும்பி மேடையைப் பார்த்தேன். மலர் கையை மாலையின் முடிச்சுக்குக் கொண்டு போயிருந்தாள்.

"மலர் நேர்ஸ் இல்லை" என்றேன்.

ஒலிபெருக்கி அதை வயலுக்கு அப்பால் கொண்டு போனது. அதைக் கட்ட வயர் பிடித்தவன் நான்தான்.

"அவா ஆசுப்பத்திரியிலை உடுப்புத் தோய்க்கிற பகுதியிலை வேலை செய்தவா. இருபத்தேழு வருசம். நேர்ஸ் எண்டு சொன்னது நான். அவா ஒருநாளும் சொல்லேல்லை. தோய்க்கிற வேலை எண்டு சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது. ஏன் வெக்கம் எண்டு இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

அதற்குமேல் எனக்கு வரவில்லை. போய் இருந்துவிட்டேன்.

ஒரு குழந்தை சிரித்தது, தாய் வாயைப் பொத்தினாள். பின்வரிசையில் இருவர் எழும்பி, தேத்தண்ணியும் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். இருவரும் எனக்கு உறவு. அதிபர் தொண்டையைச் செருமி, நிகழ்ச்சித் தாளில் அடுத்து என்ன என்று தேடினார். யோகன் வேட்டிக் கரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தான்.

ஏற்புரைக்கு மலர் எழும்பினாள். ஒலிவாங்கியைத் துடைத்துவிட்டுத்தான் பிடித்தாள்.

"இவர் சொன்னது சரி. எனக்குக் கூடக் கதைக்கத் தெரியாது. எங்களிட்டை ஊத்தையா வந்தது, வெள்ளையாப் போனது. யோகன், மாலைக்கு நன்றியடா தம்பி. இதை இப்ப நான் கழட்ட மாட்டன்."

அவ்வளவுதான். யாரோ ஒருவர் கை தட்டத் தொடங்க, சனம் தட்டுவதா விடுவதா என்று தெரியாமல் தட்டியது.

யோகன் என்னிடம் வந்தபோது முகம் கறுத்திருந்தது. "அத்தான், என்னட்டை மட்டுமாவது சொல்லியிருக்கலாம்" என்றான்.

"வயரைப் பிடிக்கச் சொன்னனீ" என்றேன். சொன்ன உடனேயே, சொல்லியிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

"இருபத்தேழு வருசமாவோ அத்தான் வயரைப் பிடிச்சனீங்கள்?" என்று கேட்டுவிட்டுக் கதிரைகளை அடுக்கப் போனான். அன்று அவன் என்னோடு பிறகு பேசவில்லை. அக்காவுக்கு மட்டும் வடை கொண்டு வந்து கொடுத்தான், இரண்டு முறை.

6

சனம் கலைந்துகொண்டிருந்தது. மலர் மண்டப வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள், மாலை இன்னும் கழுத்தில். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பக்கத்தில் போக எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு பெண் தேத்தண்ணிக் கோப்பையோடு அவளிடம் வந்தார். லெச்சுமி என்று பெயர். மலையகத்தில் இருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வந்து குடியேறிய குடும்பம். முன்பு யோகனின் வயலில் களை எடுக்க வந்தவர், இப்போது சில வருடமாக ஆசுப்பத்திரி ஒன்றில் சலவை வேலை. வந்தவர் கதிரையில் இருக்காமல் நின்றார். மலர் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, கையைப் பிடித்து இருத்தினாள்.

"அக்கா, நான் சும்மா டீ குடிக்கத்தாங்க வந்தேன். நேர்ஸம்மாகிட்ட நமக்கு என்ன பேச்சு இருக்குன்னு இருந்தேன்" என்றார் லெச்சுமி. "இப்ப ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கோ."

"ரத்தக்கறைக்கு நீங்க என்ன போடுவீங்க? நாங்க சுடுதண்ணியில ஊறப் போடுறோம். பழுப்பாவே நிக்குது, போகவே மாட்டேங்குது."

மலர் கதிரையின் முன்விளிம்புக்கு வந்துவிட்டாள். "ஐயோ, சுடுதண்ணி போடக்கூடாது! சூடு பட்டா அது அவிஞ்சு துணியிலை பிடிச்சிடும். முதல் பச்சைத்தண்ணி. நல்லா அலசி, பிறகு சோப்பு. அதுக்குப் பிறகுதான் சூடு."

"அதான பாத்தேன்!" என்று லெச்சுமி தொடையில் தட்டிக்கொண்டார். "கையுறை குடுப்பாங்களா உங்களுக்கு?"

"ரெண்டு சோடி போடுவம். விரிப்புக்குள்ளை என்னென்ன வருமெண்டு தெரியாதே. ஒருக்கால் ஊசி. ஒருக்கால் ஆரின்ரையோ பல்லுச்செட்."

"எங்களுக்கு ஒருதரம் தாலிக்கொடி வந்துச்சுங்க. அந்தம்மாவ தேடிக் குடுத்தோம், கட்டிப்புடிச்சு அழுதிச்சு."

இருவரும் சிரித்தார்கள். மலர் அப்படிச் சிரித்து நான் பார்த்து நிறைய நாளாகியிருந்தது. அவர்கள் பிரசவ வார்டுத் துணி எப்படி இருக்கும், பிள்ளைகள் வார்டுத் துணி எப்படி இருக்கும் என்று பேசினார்கள். லெச்சுமி ஒன்று சொல்ல, மலர் ஓமோம் என்று முடிப்பாள். வெவ்வேறு நாட்டில் வேலை செய்தவர்கள் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஒரே தொட்டியில் நின்றவர்கள் மாதிரிப் பேசினார்கள்.

பிறகு லெச்சுமி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஆளு போயிட்டா, உங்களுக்குத் தெரியுமாக்கா?"

மலர் மாலையின் நுனியை மடியில் நேராக்கினாள்.

"தெரியும். மற்ற நாளிலை விரிப்பு மட்டும் வரும். தலகணி உறை, போர்வை, துவாய் எல்லாம் ஒரே பையிலை ஒண்டா வந்தா, ஆரோ போய்ச்சேர்ந்திட்டினம் எண்டு விளங்கும். சின்னப் போர்வையா இருந்தா..." என்று நிறுத்தினாள். "அந்தப் பையை நாங்கள் எறிஞ்சு போடமாட்டம். கையாலை எடுத்து வைப்பம். அதுகள் தோய்ஞ்சு வந்து மடிக்கேக்க ஒருத்தரும் கதைக்கமாட்டம். ஒருத்தரும் சொல்லித் தந்ததில்லை. எல்லாரும் அப்பிடித்தான்."

"நாங்களும் அப்படித்தாங்க" என்றார் லெச்சுமி.

நான் தூணோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னப் போர்வை வந்த நாட்களிலும் அவள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். சாவியைக் கொளுவி, சப்பாத்தைக் கழற்றி, என் முன்னால் அந்தச் சோபாவில் வந்து இருந்திருக்கிறாள். அவை எந்த நாட்கள் என்று எனக்குத் தெரியாது. இருபத்தேழு வருடமாக, அவள் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் நான் கேட்டதெல்லாம் ஒரே ஒரு கேள்வி.

"இரவைக்கு என்ன சாப்பாடு?"